தொலைபேசியை அறைக்கு வெளியே நிறுத்தியவர்

2007ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி இணைப்பை அப்பா துண்டித்துவிட்டார். அப்போது அவர் கொட்டாஞ்சேனையில் சிறிய கடை ஒன்று நடத்திவந்தார். கொழும்பில் தமிழ் வர்த்தகர்கள் கடத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கும் கப்பம் கேட்டு அழைப்பு வந்தது. கடை பூட்டும் நேரமும், நான் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் பேசியவருக்குத் தெரிந்திருந்தன. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு அப்பா யோசிக்கவில்லை.

அந்த நாட்களில்தான், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் வேலை அறையில் தொலைபேசி வைத்திருக்கவில்லை என்று வாசித்தேன். அப்பாவிடம் சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தார். அதனாலேயே அந்த மனிதரைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன்.

பெல் 1847 மார்ச் 3ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை பேச்சுப் பயிற்சி ஆசிரியர். தாய்க்குச் செவிப்புலன் மிகவும் குறைவு. இரண்டு சகோதரர்களையும் காசநோய் கொண்டுபோனது. எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்றவேண்டும் என்று பெற்றோர் 1870இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெல் பொஸ்டனில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஐந்து வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த மேபல் ஹபர்ட் அவரிடம் படிக்க வந்தார். பின்னர் அவரையே மணந்துகொண்டார்.

ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் வழியைத் தேடியபோதுதான் குரலையே அனுப்பலாம் என்ற எண்ணம் பெல்லுக்குப் பிறந்தது. 1876 மார்ச் 7ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது. மூன்று நாட்கள் கழித்து, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியாகக் கூப்பிட்டார். உரிமை யாருடையது என்ற வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. 1877இல் திருமணமானபோது, தொலைபேசிக் கம்பனியில் தனக்கிருந்த பங்குகளில் 10ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை மேபலுக்குக் கொடுத்தார். அந்தக் கருவியில் ஒரு சொல்லையும் கேட்கமுடியாத ஒருவரிடம் அதன் செல்வம் போய்ச் சேர்ந்தது.

அவர் குறையில்லாதவர் அல்ல. செவிப்புலனற்றோர் சைகை மொழியை விட்டு வாயால் பேசப் பழகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதனால் ஏற்பட்ட பாதிப்பை அச்சமூகத்தினர் இன்றும் பேசுகிறார்கள்.

பிற்காலத்தில் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், படெக் என்ற சிற்றூருக்கு அருகே வீடு கட்டினார். பட்டங்கள், விமானம், நீரின் மேல் எழுந்தோடும் படகு என்று ஆராய்ச்சிகள் தொடர்ந்தன. இரவிரவாக விழித்திருந்து வேலை செய்வார். அந்த அமைதிக்குள் மணிச்சத்தம் வரக்கூடாது என்பதால்தான் வேலை அறையில் தொலைபேசி இல்லை.

1922 ஓகஸ்ட் 2ஆம் திகதி அங்கேயே காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்கா முழுவதும் தொலைபேசிச் சேவை ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டது. தன் கண்டுபிடிப்பையே அவர் வெறுத்தார் என்று பேச்சு எழுந்தபோது மேபல் அதை மறுத்து எழுதினார். வேலை அறையில் மட்டும்தான் தொலைபேசி இல்லை, வீட்டில் இருந்தது, வைத்தியரோடும் அயலவரோடும் தொடர்புகொள்ள அது இல்லாவிட்டால் அவ்வளவு தொலைவில் வாழ்ந்திருக்கவே முடியாது என்பது அவருடைய விளக்கம்.

அந்த விளக்கத்தை வாசித்தபோதுதான் அப்பாவுக்கு நான் சொன்னது பாதிக் கதை என்று புரிந்தது. பெல்லுக்குப் பல அறைகள் இருந்தன. ஓர் அறைக்கதவை மூடினாலும் வீட்டில் வேறு யாராவது அழைப்பை எடுப்பார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டு அறை மாடிவீடு. கப்பக்காரனும் ரொறன்ரோவில் இருந்த அண்ணாவும் ஒரே இலக்கத்துக்குத்தான் எடுத்தார்கள். ஒருவனைத் தடுக்க மற்றவனையும் தடுக்கவேண்டி வந்தது.

அதன் பிறகு அண்ணா என் கைத்தொலைபேசிக்கு எடுத்தான். மாலையானால் அம்மா வாசலில் வந்து நிற்பார். நான் பத்திரமாக வந்துவிட்டேனா என்று முகத்தைப் பார்ப்பார். அடுத்த நொடி அவர் கண் என் சட்டைப்பைக்குப் போகும்.

போர் முடிந்த பிறகும் அப்பா வீட்டுத் தொலைபேசியைத் திரும்ப எடுக்கவில்லை. அது இருந்த சிறிய மேசையில் அம்மா சாமிப்படம் ஒன்றை வைத்தார். இப்போதும் அண்ணா பேசும்போது அம்மா அந்த மேசைக்குப் பக்கத்தில் போய்த்தான் உட்காருகிறார்.