அறிவியலாசான் விபுலாநந்த அடிகள்

மீன்பாடும் தேனாடெனப் புலவரும் பாமரரும் ஒருங்கே போற்றும் மட்டக்களப்பு நாட்டின் தென்பாகத்தே, கடலும் வயலும் அணிசெய்ய அமைந்தது காரைதீவு என்னும் பழம்பதியாகும். அப்பதியிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராகத் தோன்றியவர் மயில்வாகனனார். பின்னாளில் அவரைத் தமிழுலகம் சுவாமி விபுலாநந்தர் என அறிந்தது. யாழ்நூல் கண்ட பேராசிரியராகவும், முத்தமிழ் வல்லுநராகவும், இராமகிருட்டிண சங்கத் துறவியாகவும் அவரை நாம் அறிவோம். ஆண்டுதோறும் விழாவெடுத்து வணங்குகின்றோம். ஆயின் அப்பெருமகனார் இளமையிலே இரசாயனங் கற்பித்த ஆசிரியர் என்பதையும், அவ்வறிவு அவரது வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது என்பதையும் நம் மாணவருட் பலர் அறியார். ஆதலின் அப்பகுதியைச் சிறிது விரித்துரைத்தல் இம்மலருக்குப் பொருத்தமாகுமென எண்ணுகின்றேன்.

மயில்வாகனனார் கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச்சு மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், கேம்பிரிட்சு சீனியர் தேர்விற் சித்தியடைந்தார். சிலகாலம் ஆசிரியராயிருந்தபின் 1911இற் கொழும்பு ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி புகுந்து பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். பதவியும் சம்பளமும் கிடைத்த பின்னர்ப் படிப்பை மூடிவைப்பாரே உலகிற் பலர். அவரோ கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் சித்தியெய்தினார். ஒரே ஆண்டிலே விஞ்ஞானமும் பழந்தமிழிலக்கியமும் ஒருவரிடத்து வந்து கூடியமை சிந்திக்கத்தக்கது. அவருக்கு அவை இரு வேறு உலகங்களாகத் தோன்றவில்லை.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச்சு பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக ஏற்றது. அங்கிருந்த காலத்திலேயே இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்துக்கும் அவர் ஆயத்தஞ் செய்தார்.

அக்காலத்து இரசாயனம் எத்தகைய எழுச்சியுற்றிருந்தது என்பதை ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஒட்சிசன் வாயுவை ஆக்கும் பரிசோதனையை அறியாத விஞ்ஞான மாணவர் இலர். பொற்றாசியங் குளோரேற்றைத் தனியே சூடாக்கினால் அவ்வாயு பெருவெப்பத்திலேயே வெளிவரும். மங்கனீசீரொட்சைட்டு என்னும் கரிய தூளைச் சிறிது கலந்துவிட்டாலோ, குறைந்த வெப்பத்திலேயே வாயு விரைந்து வெளிப்படும். தாக்கம் முடிந்தபின் நிறுத்துப்பார்த்தால் அக்கரிய தூள் நிறை குன்றாதிருக்கும். இவ்வாறு தான் செலவாகாது தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளை ஊக்கி என்பர். இந்நிகழ்ச்சிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1835இல் இட்டவர் சுவீடன் தேயத்துப் பேர்சீலியசு என்னும் அறிஞர்.

ஊக்கி வெறும் பார்வையாளனாக நிற்பதன்று. தாக்கமுறும் மூலக்கூறுகள் அதன் மேற்பரப்பிலே வந்து தங்குகின்றன. அங்கே அவற்றின் பழைய பிணைப்புக்கள் தளர்கின்றன. புதிய பிணைப்புக்கள் தோன்றியபின் அவை விலகிச்செல்ல, மேற்பரப்பு மீண்டும் வெறுமையாகி அடுத்துவரும் மூலக்கூறுகளை ஏற்கின்றது. மலையைக் கடப்பார்க்கு உச்சியேறாமற் செல்லும் ஒரு கணவாயைக் காட்டுதல் போன்றது அதன் தொழில். செல்லமுடியாத ஊருக்கு அது வழிகாட்டாது. செல்லத்தக்க ஊருக்கு எளிய வழி காட்டும்.

மயில்வாகனனார் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலே இவ்வறிவு ஆய்வுகூடத்தைக் கடந்து ஆலைக்குச் சென்றிருந்தது. 1913இற் செருமனியின் ஒப்பாவு நகரத்திலே, வளியிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் கூட்டி அமோனியா ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. காந்தக்கல் என்னும் இரும்பொட்சைட்டிற் சிறிதளவு அலுமினியமொட்சைட்டும் பொற்றாசும் சேர்த்து உருக்கி ஆக்கியதே அங்கு ஊக்கியாயிற்று. இரும்பொட்சைட்டு ஒட்சிசனை இழந்து நுண்டுளைகள் நிறைந்த இரும்பாகும். அலுமினியமொட்சைட்டு அத்துளைகள் தூர்ந்துபோகாது காக்கும். இன்று படுவான்கரை வயல்களில் நம் உழவர் இடும் யூரியாவும் அவ்வழிவந்த அமோனியாவினின்றும் பிறந்ததே.

இத்தகைய விஞ்ஞானத்தை அக்காலத்து இலங்கையிற் கற்கவேண்டுமாயின் ஆங்கிலமே வாயில். ஆங்கிலங் கற்கும் வாய்ப்பு நகரத்தார்க்கும் பொருளுடையார்க்குமே இருந்தது. வாவியின் மேற்கரைச் சிற்றூரிற் பிறந்த உழவன் மகனுக்கு அவ்வாயில் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. இக்குறையை நீக்குதல் அடிகளின் வாழ்க்கைப் பணிகளுள் ஒன்றாயிற்று.

1920இல் அவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இலண்டன் பட்டமும் அதிபர் பதவியும் ஒருங்கே வாய்த்த இளைஞர்க்கு அந்நாளிற் கிட்டாத சிறப்பில்லை. ஆயினும் 1922இல் அவையனைத்தையும் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டு, 1924இற் சுவாமி சிவானந்தரிடம் துறவுநெறி ஏற்று விபுலாநந்தரானார். துறவு பூண்டோர் ஊரை மறத்தல் இயல்பு. இவரோ துறவு பூண்டபின்னரே ஊருக்கு முற்றும் உரியவரானார். 1925இல் ஈழம் திரும்பி, இராமகிருட்டிண சங்கத்துப் பாடசாலைகளைத் தாங்கும் பொறுப்பை மேற்கொண்டார். வாவிக்கும் கடலுக்கும் இடையே கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவ்வித்தியாலயம் ஏழை மாணவர் பலருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதற் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. தமிழ்நாட்டில் அப்பொழுது தாய்மொழிவழிக் கல்விபற்றிய விவாதம் வலுத்திருந்தது. விஞ்ஞானத்தைத் தமிழாற் கூறவியலாது என்றனர் சிலர். ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதுதல் போதும் என்றனர் வேறு சிலர். வடசொற்களே தக்கன என்றாரும், தூய தமிழே வேண்டும் என்றாரும் இருந்தனர். தமிழறிந்தார் பலர்க்கு இரசாயனம் தெரியாது. இரசாயனம் அறிந்தார் பலர்க்குத் தொல்காப்பியம் தெரியாது. இரண்டையும் துறைபோகக் கற்ற அடிகள் அவ்வவையில் இன்றியமையாதவரானார். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். இரசாயனச் சொற்களை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது.

சொல்லாக்கம் எளிய தொழிலன்று. ஒரு பொருளின் இயல்பை முற்ற உணராதார் அதற்குப் பெயரிட்டால் அப்பெயர் மாணவனை மயக்கும். மொழியின் மரபை உணராதார் பெயரிட்டால் அது நாவில் நில்லாது. நல்ல கலைச்சொல்லோ தானே பாதிப் பாடத்தைக் கற்பித்துவிடும். ஊக்கி என்ற சொல்லைக் கேட்ட சிறுவன், அது எதனையோ ஊக்குகின்றது என்பதை ஆசிரியர் வாய்திறக்கு முன்னரே உணர்கின்றான். அவன் ஏறவேண்டிய மலை அந்த அளவுக்குத் தாழ்கின்றது.

1950களில் இலங்கை அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிடலாயிற்று. பாடசாலை வகுப்புக்களில் விஞ்ஞானம் தமிழில் வந்தது. அதனைக் காண அடிகள் இருந்திலர். எனினும் இன்று உயர்தர வகுப்பிலே தமிழில் இரசாயனவியல் கற்கும் ஒவ்வொரு மாணவனும் அவரும் அவரோடொத்தாரும் வெட்டிய பாதையிலேயே நடக்கின்றான்.

அடிகளின் விஞ்ஞானப் பயிற்சி தமிழாராய்ச்சியிலும் விளங்கிற்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் கண்ட இசைக்குறிப்புக்களை அவர் வியந்து பாராட்டியதோடு அமையவில்லை. நரம்புகளின் அளவுகளையும் சுரங்களின் விகிதங்களையும் கணிதத்தால் அளந்து, வழக்கிறந்த யாழ்களின் இயல்பை ஆண்டுகள் பல உழைத்துக் கண்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும் அவ்வுழைப்பு ஓயவில்லை. யாழ்நூல் 1947 சூன் மாதத்திற் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவரது திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி கொண்டது.

அவர் மறைந்தபின் ஊக்கிகளின் அறிவு பெரிதும் வளர்ந்துவிட்டது. ஒரு கனசென்ரிமீற்றர்க் கட்டியின் மேற்பரப்பு ஆறு சதுரசென்ரிமீற்றரே. அதனையே ஒரு நனோமீற்றர்ப் பக்கமுள்ள துணிக்கைகளாகப் பகுத்தால் மேற்பரப்புக்களின் கூட்டுத்தொகை 6000 சதுரமீற்றராகும். ஊக்கியின் தொழில் மேற்பரப்பில் நிகழ்வதாதலின் உலோகவொட்சைட்டுக்களை நனோத் துணிக்கைகளாக ஆக்கும் கலை சிறந்தது. சியோலைற்று முதலிய நுண்டுளைப் பொருள்களில் ஒரு கிராமுக்குள்ளேயே பல நூறு சதுரமீற்றர் மேற்பரப்பு அடங்கும். 1960கள் தொட்டு மசகெண்ணெயைப் பிரித்துப் பெற்றோல் ஆக்குவதில் அவை பெரும்பங்கு கொள்கின்றன. தைத்தானியமீரொட்சைட்டு ஒளிபட்டவழி நீரைப் பிரிக்கத் துணைசெய்யும் என்பதை 1972இல் யப்பானிய அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவ்வொட்சைட்டுக்கு மூலமாகிய இல்மனைற்று மணல் நம் கீழ்க்கரையிலே புல்மோட்டையிற் கிடைக்கின்றது. நம் அரிசி ஆலைகளிற் குவியும் உமியின் சாம்பலிலிருந்தும் சிலிக்காவைப் பிரித்து நுண்டுளைப் பொருள் ஆக்கும் முறைகளை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

மணலும் உமியும் நம்மிடம் உள. அவற்றை ஆராயும் அறிவும், கண்டதைத் தமிழிற் கூறும் ஆற்றலும் நம் மாணவரிடத்தே வளரவேண்டும். பல்கலைக்கழக விஞ்ஞானம் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுதலின் ஆங்கிலத்தைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. அடிகளும் அதனைத் துறைபோகக் கற்றவரே. ஆயினும் கற்ற அறிவைத் தம் மக்களுக்கு அவர்தம் மொழியில் வழங்கும் கடமையை அவர் என்றும் மறந்திலர். பழைய மாணவராய் உலகின் பல பாகங்களிற் சிறந்து விளங்குவோரும், இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போரும் அக்கடமையைத் தமதாக ஏற்பாராக. அடிகளுக்குச் செய்யும் மெய்யான வழிபாடு அதுவேயாகும்.