நேரமே இல்லாத பேராசிரியர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன் என்று சங்கத்தில் கேட்டார்கள். படிக்கிற காலத்தில் விடுதி மொட்டைமாடியில் புல்லாங்குழல் வாசித்துப் பக்கத்து அறைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவன் நான். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு அந்தக் குழல் பரணுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. யாராவது கேட்டால், நேரம் எங்கே சார் இருக்கு என்பேன். அந்தச் சாக்கை ஆட்டம் காண வைத்த ஒரு வேதியியல் பேராசிரியரின் கதை இது.

அலெக்சாண்டர் போரோடின் 1833-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்பா ஜார்ஜிய வம்சத்து இளவரசர். அம்மாவை அவர் முறைப்படி மணக்கவில்லை. அதனால் போர்ஃபிரி போரோடின் என்ற தன் பண்ணையடிமையின் மகன் என்று குழந்தையைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். ஆக, இளவரசரின் பிள்ளை சட்டப்படி இளவரசருக்கே அடிமை! பிறகுதான் விடுதலை கிடைத்தது. நல்லவேளை, படிப்புக்கு அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. பையனுக்கு அப்போதே இரண்டு பைத்தியம். ஒரு பக்கம் புல்லாங்குழல், செல்லோ, பியானோ. இன்னொரு பக்கம் வீடு முழுக்க ரசாயனக் குப்பிகள்.

1850-ல் அதே ஊரில் மருத்துவ-அறுவைசிகிச்சை அகாதமியில் சேர்ந்தார். அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் நிக்கலாய் ஸீனின். நைட்ரோபென்சீனிலிருந்து அனிலீன் தயாரிக்க வழி கண்டவர். சாயத் தொழிலுக்கே அடித்தளமான வேலை அது. தனக்குப் பின் இவன்தான் என்று போரோடினை அவர் மனதில் குறித்து வைத்திருந்தார். பையன் பாட்டு எழுதுகிறான் என்று தெரிந்ததும் கடிந்துகொண்டார். இரண்டு முயலைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது என்பது அவர் கட்சி.

1856-ல் பட்டம் பெற்று ராணுவ மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். கசையடி பட்ட பண்ணையடிமைகளின் காயங்களைப் பார்த்து மயங்கி விழுந்தவருக்கு வைத்தியத் தொழில் ஒத்துவரவில்லை. 1859-ல் மேல்படிப்புக்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர், பின்னாளில் தனிம அட்டவணை தந்த மெண்டலீவ். 1861-ல் எகதெரினா என்ற பியானோ கலைஞரைச் சந்தித்தார். அவருக்குக் காசநோய். குளிர் ஆகாது என்று இருவரும் இத்தாலியின் பீசா நகருக்குப் போனார்கள். அங்கேயும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. கரிமச் சேர்மத்தில் ஃபுளூரினைச் சேர்த்து பென்சாயில் ஃபுளூரைடு தயாரித்தார். 1862-ல் ஊர் திரும்பினார், 1863-ல் எகதெரினாவை மணந்தார், 1864-ல் தான் படித்த அகாதமியிலேயே பேராசிரியர் ஆனார்.

கெமிஸ்ட்ரி பாடத்தில் ஆல்டால் வினை என்று ஒன்று வருமே, மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு ஆல்டிஹைடு மூலக்கூறுகள் கைகோத்து ஒரு பெரிய மூலக்கூறாவது. அதை 1872-ல் கண்டவர்களில் இவர் ஒருவர். அதே வருஷம் பிரான்சில் வூர்ட்ஸும் கண்டார். யார் முந்தி என்று மல்லுக்கு நிற்காமல் போரோடின் ஒதுங்கிவிட்டார்.

அதே 1872-ல் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு தொடங்க உழைத்தார். அங்கே பல வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். குடியிருப்போ அகாதமிக் கட்டடத்திலேயே. மாணவர்கள் எந்நேரமும் கதவைத் தட்டலாம். வீட்டில் உறவுக்காரர் கூட்டம், சாப்பாட்டு மேஜையில் பூனைகள் கூட்டம். இதற்கு நடுவில்தான் இசை. காய்ச்சல் வந்து வகுப்புக்குப் போக முடியாத நாட்களில்தான் எழுத நேரம். அதனால் இசை நண்பர்கள் உடம்பு தேவலையா என்று விசாரிப்பதற்குப் பதிலாக, உடம்புக்கு முடியவில்லைதானே என்று விசாரிப்பார்களாம்!

இதில் நஷ்டமே இல்லை என்று நான் புளுக மாட்டேன். இளவரசன் ஈகோர் என்ற ஆப்பராவை 1869-ல் தொடங்கினார். பதினெட்டு வருஷம் ஆகியும் முடியவில்லை. 1887 பிப்ரவரி 27 அன்று அகாதமியில் ஒரு நடன விருந்து. ரஷ்ய நாட்டுடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. வயது 53. இரண்டு முயல் விஷயத்தில் ஸீனின் சொன்னது சரிதானோ என்று அன்றைக்குப் பலருக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நண்பர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அவர் விட்டுச்சென்ற தாள்களைத் திரட்டினார்கள். விட்டுப்போன இடங்களை எழுதி நிரப்பினார்கள். 1890-ல் ஆப்பரா மேடை ஏறியது. இன்றும் உலகமெங்கும் நடத்துகிறார்கள். 1953-ல் அவர் மெட்டுகளை வைத்தே நியூயார்க்கில் கிஸ்மத் என்ற இசைநாடகம் வந்தது. செத்து 67 வருஷம் கழித்து, 1954-ல் டோனி விருதும் வந்தது. இப்படி விருது வாங்கிய வேதியியல் வாத்தியார் வேறு யார்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இசையோ, ஓவியமோ, சதுரங்கமோ, நேரம் கிடைத்தபின் பார்க்கலாம் என்று வைத்துவிடாதீர்கள். அந்தப் பேராசிரியருக்கு நேரம் கிடைக்கவே இல்லை. கிடைத்த காய்ச்சலில் எழுதினார். முடிக்க முடியாமல் போகலாம். போகட்டுமே, பாதியையாவது எழுதி வைத்தால்தானே மீதியை முடிக்க நண்பர்கள் வருவார்கள்?

என் வகுப்புத் தோழர்களுக்கும் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிக் குழலை எடுத்துத் தூசி தட்டினேன். ஸ வரவில்லை, காற்றுதான் வந்தது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சந்திப்புக்கு அதைக் கொண்டு வருகிறேன். மொட்டைமாடியில் கூடுவோம், தூங்க நினைப்பவர்கள் இப்போதே வேறு அறை பார்த்துக்கொள்ளவும்!