ஆண்ட்ரூ பெல்லின் வகுப்பறை ஒழுங்கு முறை: எழும்பூர் விடுதிப் பள்ளியை முன்வைத்து

முன்னுரை

வகுப்பறைக் குழப்பத்தைப் பிரம்பால் அடக்குவதே ஆசிரியர் கடமை எனப் பரவலாகக் கருதப்பட்ட 18ஆம் நூற்றாண்டில், அதன் காரணத்தைக் கற்பிக்கும் முறையில் தேடியவர் ஆண்ட்ரூ பெல் (1753–1832). ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த இவர் 1787இல் இந்தியா வந்தார். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதையர் விடுதியின் மேற்பார்வைப் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார்.

மணலும் மாணவ ஆசிரியரும்

உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை 'மலபார்' என்றே சுட்டியதால், அவர் குறிப்பிடும் மலபார்ப் பள்ளி தமிழ்த் திண்ணைப் பள்ளியே எனக் கொள்ளலாம். இம்முறையைப் பின்பற்ற உதவி ஆசிரியர்கள் தயங்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றிபெற, பள்ளி முழுவதும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை பரவியது.

ஒழுங்கின் அடிப்படைகள்

பெல்லின் முறையில் பாடங்கள் குறுகியவை. சரியாக விடையளித்தவன் வரிசையில் முன்னிடம் பெற்றான். எவனும் சும்மா இருக்க இடமில்லாததால் குறும்புக்கான வாய்ப்பும் குறைந்தது. குற்றங்கள் கறுப்பேட்டில் பதியப்பட்டு, வாரந்தோறும் மாணவர் நடுவர் குழுமுன் விசாரிக்கப்பட்டன. சினம் எழுந்த கணத்திலேயே தண்டனை விழாதபடி இக்கால இடைவெளி காத்தது.

திண்ணைப் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை உண்டு. எனினும் அவன் ஆசிரியரின் அதிகாரத்திற்கே பதிலாள். கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் அங்கு வழங்கின. பெல் மணலை ஏற்றார், கோதண்டத்தை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் இத்தகைய முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டரோ, பிரம்பைத் தவிர்த்தபோதிலும், கழுத்தில் மரக்கட்டை மாட்டுதல், கூடையிலிட்டுத் தொங்கவிடுதல் முதலிய அவமானத் தண்டனைகளைக் கையாண்டார்.

முடிவுரை

1796இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டு தம் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். 1811இல் தொடங்கப்பெற்ற தேசியச் சங்கம் 'மெட்ராஸ் முறை'யை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. பெருந்திரள் வகுப்புகளில் அது இயந்திரத்தனமான மனப்பாடமாகச் சுருங்கியதும் உண்மையே. ஏழைப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்விக்கு மேல் வேண்டியதில்லை என்னும் பெல்லின் கருத்தும் அச்சுருக்கத்திற்குத் துணைநின்றது. ஆயினும், பணியும் பொறுப்பும் பெற்ற மாணவன் வகுப்பைக் குலைப்பதில்லை என்னும் எழும்பூர் அனுபவம், தண்டனையை முதன்மையாகக் கொள்ளும் வகுப்பறை மேலாண்மையை மறுசிந்தனைக்கு உட்படுத்துகிறது.