குழந்தைகளின் அன்னை மரியா மாண்டிசோரி

முன்னுரை

உலகில் தமக்கென வாழ்வோர் பலர். பிறர்க்கென வாழ்வோர் சிலர். அச்சிலருள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அவர் பெயரை நாம் அடிக்கடி காண்கிறோம். ஆனால் அவருடைய தொண்டு மழலையர் பள்ளியில் தொடங்கவில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பூட்டி வைத்திருந்த ஓர் அறையில் தொடங்கியது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாயார் நூல்களை விரும்பிப் படிப்பவர். பெண்கள் மருத்துவம் படிப்பதை அக்காலச் சமுதாயம் விரும்பவில்லை. ஆயினும் மரியா ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆடவரோடு நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றதால், எல்லோரும் சென்ற பிறகு தனியே நின்று பயின்றார். 1896 இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

வெறும் அறை

பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, ரோமாபுரியின் மனநோயாளர் விடுதிகளுக்கு அவர் சென்று வந்தார். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. முன்னது இடையில் வரும் நோய். பின்னது பிறவியிலோ இளமையிலோ ஏற்படும் குறை. ஆயினும் அந்நாளில் இருசாராரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்தனர்.

அங்கே ஓர் அறையில் சில குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்குவதாகக் காவல் பெண் அருவருப்புடன் கூறினாள். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுப்பதற்கு ஒரு பொம்மையோ, மணியோ, மரத்துண்டோ இல்லை. குழந்தைகள் தேடியது உணவை மட்டுமன்று, கைக்கு ஒரு வேலையை என்று உணர்ந்தார்! காவல் பெண் காத்தாள், ஆனால் கவனிக்கவில்லை. அம்மையார் கவனித்தார்.

உழைப்பும் வெற்றியும்

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோர் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்த முறைகளை அம்மையார் ஆராய்ந்தார். அவர்கள் நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். 1900 இல் ரோமாபுரியில் இக்குழந்தைகளுக்காகவும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகவும் தொடங்கிய பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவரானார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை குழந்தைகளுடன் இருப்பார். இரவில், பகலில் கண்டவற்றைக் குறித்து வைப்பார். அக்குழந்தைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே தேறினர். நாடே வியந்தது! அம்முறையைக் கொண்டே 1907 ஜனவரி 6 அன்று ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

நம் மண்ணில்

1939 இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு அவரை அடையாற்று வளாகத்திலேயே தங்க வைத்தது; மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளில் மகனை விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கற்கும் பாடம்

பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் 28 பேர் தப்ப முடியாமல் மாண்டனர். காக்கக் கட்டிய சங்கிலியே உயிரைக் குடித்தது! 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்கிறது. கொடுமை நடப்பதை அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம்.

ஆனால் சட்டம் ஒவ்வோர் அறைக்குள்ளும் எட்டிப் பார்க்க இயலாது. வாய் பேச இயலாத பிள்ளை தனக்கு நேர்ந்ததை யாரிடம் முறையிடும்? ஆகவே பார்க்கும் கண்கள் வேண்டும். எங்கள் அபிஷேகப்பாக்கம் போன்ற சிற்றூர்களில், தங்கள் காலத்திற்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார் என்று கண்ணீர் வடிக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் நம்பி ஒப்படைக்கும் இல்லம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? ஆபத்துக் காலத்தில் கதவு உடனே திறக்க வேண்டும். பணியாளர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொருவரின் உணவு, உறக்கம், உடற்காயம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க இடமளிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அங்குள்ளோர் கைகளுக்கு விருப்பமான வேலை இருக்க வேண்டும்.

முடிவுரை

கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் அரிசியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு இல்லங்களுக்குச் செல்லும் மாணவியராகிய நாம், கொடுத்துவிட்டுக் கைகூப்பித் திரும்பினால் போதாது. சற்று அமர்வோம், அவர்கள் பெயரைக் கேட்டு அறிவோம், கைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெறுங்கையோடு ஒரு பிள்ளை மூலையில் இருக்கக் கண்டால், ஏன் என்று பணிவுடன் கேட்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.