சீழ்க்கை அம்பு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒலி பிறக்கும். ஆய்வகத்தில் நாம் படிக்கும் இந்த ஒத்ததிர்வை அம்பின் முனையில் ஏற்றி, அரியணையைப் பிடித்த ஒருவனின் வரலாற்றை நம் நூலகத்தில் படித்தேன். வியப்பும் அச்சமும் ஒருங்கே என்னை ஆட்கொண்டன.

அவன் பெயர் மோடு. சீனத்துக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த சியோங்னு மக்களின் தலைவன் தூமானின் மகன். இளைய மனைவியின் மகனுக்குப் பட்டம் சூட்ட விரும்பிய தூமான், மோடுவை யூச்சியரிடம் பிணையாக அனுப்பிவிட்டு, உடனே அவர்கள்மீது படையெடுத்தான். மகன் அங்கேயே மடியட்டும் என்பது அவன் எண்ணம். மோடுவோ நல்ல குதிரையொன்றைத் திருடிக்கொண்டு தப்பி வந்தான். அத்துணிவை மெச்சிய தந்தை, 10,000 குதிரை வீரரை அவனிடம் ஒப்படைத்தான்.

எலும்பிலோ கொம்பிலோ குடைந்து துளையிட்ட குமிழைப் பொருத்தினால், அம்பு பறக்கையில் காற்றுப் புகுந்து சீழ்க்கையடிக்கும். பிற்காலத்தில் மஞ்சு மக்கள் இவ்வகை அம்பை வேட்டையில் பயன்படுத்தினர். மோடு அதைக் கொண்டு மனிதரைப் பழக்கினான். தன் அம்பு சீழ்க்கையடித்துச் செல்லும் இலக்கை எல்லோரும் எய்ய வேண்டும். தவறினால் தலை போகும் என்று ஆணையிட்டான்.

முதலில் தன் அருமைக் குதிரையை எய்தான். தயங்கியவர் தலை உருண்டது. அடுத்துத் தன் அன்பு மனைவியை எய்தான். மீண்டும் சிலர் தயங்கினர், மாண்டனர். பிறகு தந்தையின் குதிரையை எய்தபோது தயங்க ஒருவரும் இல்லை. கி.மு. 209இல் வேட்டைக் களத்தில் அம்பு தூமானை நோக்கிச் சீழ்க்கையடித்தது. அத்தனை அம்புகளும் அவ்வழியே பாய்ந்தன. மோடு தலைவனானான். கி.மு. 200இல் ஆன் பேரரசர் காவோசூவையே பைதெங்கில் ஏழு நாள் முற்றுகையிட்டான். கி.மு. 174இல் மறைந்தான். சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் இவற்றை எழுதி வைத்துள்ளார்.

நண்பர்களே! மோடுவைவிட அந்த வில்லாளிகளே என்னை உறங்கவிடவில்லை. சென்ற ஆண்டு, கூட்டத்தில் யாரோ எழுப்பிய கூச்சலைக் கேட்டு நானும் கல்லைக் கையிலெடுத்தேன். பேருந்தின் சன்னலோரத்தில் என் ஆத்தாவைப் போல ஒரு மூதாட்டி கூடையுடன் அமர்ந்திருந்தார். கல் கையிலிருந்து நழுவியது. அவர் முகம் கண்ணில் படாதிருந்தால்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சீழ்க்கை கேட்டதும் கை எழுமுன் இலக்கு எதுவென்று பார்க்கும் கண்ணையாவது இப்படிப்பு எனக்குத் தரட்டும்.