தட்டல் நீக்கிய தாமஸ் மிட்ஜிலி

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் விடியற்காலை கரைசேரும் நண்டும் இறாலும் மீனும், பனிக்கட்டியோடு பெட்டியிற் கட்டப்பெற்று, மோட்டார் சைக்கிளின் முதுகில் ஏறிப் பொன்னேரி நோக்கிச் செல்வதை அப்பக்கத்தார் நாடோறுங் காண்பர். பாரம் மிகுந்த வண்டி பாலத்து மேட்டில் ஏறுங்கால், அதன் இயந்திரத்தினுள்ளே சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டினாற் போன்ற ஓர் ஒலி எழுவதுண்டு. அவ்வொலி கேட்டோர் சிலர், அடுத்த முறை பெட்ரோல் பங்கில் விலை மிகுந்த பெட்ரோலையே கேட்டு வாங்குகின்றனர். விலை மிகுதியாதலின் வலிமையும் மிகுதியாம் என்பது அவர்தங் கருத்து. அக்கருத்துச் சரியோ தவறோ என்று தெளிய விரும்புவோர், அந்த ஒலியை ஒழிப்பதிலேயே தம் இளமையைச் செலவிட்ட ஓர் அமெரிக்கரின் வரலாற்றை அறிதல் நலம். அவர் பெயர் தாமஸ் மிட்ஜிலி. மோட்டார் ஏறிச் செல்வோர் யாவரும் ஒருவகையில் அவர்க்குக் கடன்பட்டவர். அவர் செய்ததனால் கேடுற்றோரும் எண்ணிறந்தோர்.

மிட்ஜிலி 1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பென்சில்வேனியா நாட்டகத்துப் பீவர் பால்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் புதியன புனைவதில் ஆர்வமுடையவர். கார்னெல் சர்வகலாசாலையில் இயந்திரக் கலை பயின்று 1911-இல் தேர்ச்சி பெற்றார். இரசாயனத்தில் அவர் பட்டம் பெற்றவரல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பிற்காலத்து இரசாயன சாஸ்திரிகள் தம் உயர்ந்த பதக்கங்களையெல்லாம் அவருக்குச் சூட்டினர். 1916-இல் டேடன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங் என்பாரிடம் வேலைக்கு அமர்ந்தார். மோட்டார் வண்டியைக் கையாற் சுழற்றாது மின்சாரத்தாற் கிளப்பும் கருவியை ஆக்கியவர் இக்கெட்டரிங்கே.

கெட்டரிங்கின் தொழிற்சாலை, விவசாயிகளின் வீடுகளுக்கு மின்விளக்களிக்கும் சிறு இயந்திரங்களையும் செய்துவந்தது. அவை மண்ணெண்ணெயால் ஓடுவன. பாரம் ஏறியதும் அவை கடகடவெனத் தட்டின. சிலவற்றின் உறுப்புகள் உடைந்தும் போயின. காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு மிட்ஜிலியினிடம் வந்தது.

இயந்திரத்தின் சிலிண்டரில் எண்ணெயாவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக்கிலிருந்து தோன்றும் பொறி ஒரு மூலையிற் பற்றவைக்க, தீ அங்கிருந்து ஒழுங்காகப் பரவி மறுமூலையை அடைதல் வேண்டும். பழவேற்காட்டார் தம் ஏரியில் பாடு என்னும் முறை வைத்திருக்கின்றனர். இன்னவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவதென்று சீட்டுப்போட்டு முடிவு செய்வர். தன் பாடு வருமுன் ஒருவன் வலையை இறக்கினாற் கலகமே விளையும். சிலிண்டரின் கோடியிலுள்ள ஆவியும் அவ்வாறே தன் முறைக்குக் காத்திருக்கவேண்டியது. அமுக்கமும் வெப்பமும் அளவு கடக்குமாயின், தீ வந்து தொடுமுன் அது தானே ஒருங்கு பற்றி வெடித்துவிடுகின்றது. அந்த அதிர்ச்சி இரும்பைத் தாக்கும் ஒலியே நாம் கேட்கும் தட்டல். பொறி எழுமுன்னரே எண்ணெய் பற்றிக்கொள்வதால் தட்டல் விளைகின்றதென்று பலர் எண்ணியிருந்தனர். சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து பார்த்து, பொறி எழுந்த பின்னரே அவ்வெடிப்பு நிகழ்கின்றதென்றும், குற்றம் பொறியினதன்று எண்ணெயினதே என்றும் மிட்ஜிலி காட்டினார்.

அடுத்த படி வேடிக்கையானது. பனி மூடிய நிலத்திலும் பூக்கும் ஒரு சிறு கொடியின் இலை அடிப்புறம் சிவந்திருக்கும். அச்சிவப்பு வெப்பத்தைக் கவர்வதாற்போலும் அது முன்னரே பூக்கின்றதென அவரும் கெட்டரிங்கும் பேசிக்கொண்டனர். மண்ணெண்ணெயையுஞ் சிவப்பாக்கினால் என்னவென்று தோன்றிற்று. பண்டகசாலையில் எண்ணெயிற் கரையும் சிவப்புச் சாயம் இல்லை, அயோடின் இருந்தது. அதனைக் கலந்ததும் தட்டல் நின்றுவிட்டது! பின்னர் மெய்யான சிவப்புச் சாயங்களை வருவித்துச் சோதித்தார், ஒன்றும் பயன்படவில்லை. நிறமற்ற அயோடின் சேர்க்கையைச் சோதித்தார், அது பயன்பட்டது. நிறம் காரணமன்று, பொருளே காரணம் என்பது தெளிவாயிற்று. தவறான ஊகம் சரியான வாயிலைத் திறந்துவிட்டது.

ஆயின் அயோடின் விலையுயர்ந்தது, உலோகத்தையும் அரிப்பது. ஆகவே மிட்ஜிலி பொருள்தேடி அலைந்த ஆண்டுகள் ஐந்து. அனிலீன் தட்டலைத் தடுத்தது, நாற்றம் தாங்கவொண்ணாதது. டெல்லூரியம் என்பது அதனினும் வல்லது. ஆனால் அதைத் தொட்டவர் உடலிலும் உடையிலும் பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் நீங்காமல், அவர்களை வீட்டாரும் விலக்கும்படி செய்தது. பின்னர் மூலப்பொருள்களின் அட்டவணையை முன்வைத்து ஒழுங்காகத் தேடலானார். 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ராஎதில் ஈயம் என்னும் திரவத்தைச் சோதித்தனர். ஏறத்தாழ 1,300 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கே போதியதாயிருந்தது. 1923 பிப்ரவரியில் டேடன் நகரத்துப் பங்கு ஒன்றில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஈயம் என்னுஞ் சொல்லை மறைத்து எதில் என்று மட்டும் பெயரிட்டனர். இதனை நாம் மறக்கலாகாது. எரிந்த ஈயம் இயந்திரத்திற் படியாதிருக்கப் புரோமின் வேண்டியதாயிற்று. அதனையும் மிட்ஜிலி முதலியோர் கடல்நீரிலேயே தேடினர்; 1934-இல் வட கரோலினாக் கடற்கரையில் அதற்கென ஒரு தொழிற்சாலை இயங்கலாயிற்று. உப்பங்கழிக் கரையில் வாழ்வோர் தம் நீரில் இப்படியும் ஒரு பொருள் உண்டென்பதை அறிந்து வியப்பர்.

எண்ணெய்களின் தரத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அதனை 1926-இல் எதில் கம்பெனியைச் சேர்ந்த கிரகாம் எட்கர் வகுத்தார். தட்டலே இல்லாத ஐஸோஆக்டேனுக்கு 100, எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஓர் எண்ணெய் இவ்விரண்டின் எக்கலவையோடு ஒத்து நடக்கின்றதோ அதனைக் கொண்டு அதற்கு எண் தரப்படும். பங்குகளில் நாம் காணும் 91, 95, 100 என்பன இவ்வழி வந்தவை. ஆதலின் இவ்வெண் எண்ணெயின் பொறுமையைக் குறிப்பதேயன்றி வலிமையைக் குறிப்பதன்று. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்து தரும் வெப்பம் எண் உயர்வதனால் உயர்வதில்லை. அமுக்கம் மிகுந்த பந்தய வகை வண்டிக்கு அதன் கையேடு 95 வேண்டுமென்றால் 95 இடுதல் வேண்டும். குறைந்ததை இட்டாற் தட்டலோ சக்திக் குறைவோ நேரும். மீன்பெட்டி சுமக்கும் சாதாரண வண்டிக்கு 91 போதுமென்று கையேடு சொல்லுமாயின், 100 வாங்குவது காசைக் கடலில் எறிவதேயாம். அத்தகைய வண்டி மேட்டில் தட்டினால், முதலில் கியரைக் குறைத்துப் பார்க்க; பின் சிலிண்டரிற் கரி படிந்துள்ளதா, பொறியின் காலம் முந்தியுள்ளதா, இயந்திரம் அளவுமீறிச் சூடேறுகின்றதா என மெக்கானிக்கைக் கொண்டு ஆராய்க. நம் கடற்கரைப் படகுகளிற் பெட்ரோலாற் கிளம்பி மண்ணெண்ணெயால் ஓடும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் அமுக்கம் குறைவாக வைக்கப்பட்டிருத்தல் மண்ணெண்ணெயின் பொறுமையின்மையைக் கருதியேயாம்.

மிட்ஜிலியின் கதைக்கு மீள்வோம். ஈயம் விஷமென்பது பண்டைக்காலந்தொட்டே அறிந்த செய்தி. 1923-இன் தொடக்கத்தில் அவரே ஈய நோயுற்று, வேலையை விடுத்து பிளாரிடாவுக்குச் சென்று தங்கினார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே தொழிற்சாலையில் இத்திரவத்தைக் காய்ச்சிய தொழிலாளருட் பலர் சித்தங் கலங்கினர், ஐவர் மாண்டனர். வேறிரு தொழிற்சாலைகளிலும் உயிர்கள் பலியாயின. நியூயார்க் நகரம் விற்பனையைத் தடுத்தது. அம்மாத இறுதியிற் பத்திரிகையாளர் முன்னிலையில் மிட்ஜிலி அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவி, அதன் ஆவியை ஒரு நிமிஷம் முகர்ந்து, கேடில்லை என்று காட்டினார். தாமே ஓராண்டுக்கு முன் அந்நோயாற் படுத்தவர் இதனைச் செய்தாரென்பது நெஞ்சை உறுத்துகின்றது. 1925-இல் விற்பனை நிறுத்தப்பட்டு ஒரு குழு ஆராய்ந்தது. தடை செய்யப் போதிய காரணமில்லை என்றும், ஆராய்ச்சி தொடரவேண்டும் என்றும் அது கூறவே, 1926-இல் விற்பனை மீண்டது. தொடரவேண்டிய ஆராய்ச்சி நெடுங்காலம் அவ்வெண்ணெய் விற்றோரின் பொருளுதவியிலேயே நடந்தது.

வேறு வழி இல்லாதிருந்ததா? இருந்தது. எதனால் என்னும் சாராயத்தைப் பெட்ரோலிற் கலந்தால் தட்டல் அடங்குமென்பதை மிட்ஜிலி நன்கறிந்திருந்தார். 1921-இல் ஈயம் கைவருமுன் அத்தகைய கலவையை எஞ்சினீயர்களுக்கு விளக்கியுமிருந்தார். ஆனால் சாராயம் எவரும் வடிக்கக்கூடியது. அதன்மேல் ஒரு கம்பெனி தனியுரிமை கொண்டாடவியலாது. கலக்கவேண்டிய அளவும் மிகுதி. ஈயமோ சிறு துளியில் வேலை செய்தது, தனியுரிமையும் கிட்டிற்று. அன்று அவர் விலக்கிய அச்சாராயமே இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு கலக்கப்படுகின்றது. அதனாற் சாதாரணப் பெட்ரோலின் எண் 91-இலிருந்து 95-க்கு உயர்ந்ததென அரசினர் 2025-இல் அறிவித்தனர். ஆகவே சாதாரண வண்டிக்கு விலை மிகுந்ததைத் தேடவேண்டிய காரணம் முன்னினுங் குறைந்துவிட்டது. எதனாலுக்கு வெப்பம் குறைவாதலால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறையும். அது ஈரத்தையுங் கவர்வதாதலின், ஏரிக்கரைக் காற்றில் டாங்கின் மூடியைத் திறந்துவிடலாகாது.

மிட்ஜிலி பின்னர் 1928-இல் குளிர்ப்பெட்டிகளுக்கென பிரியான் வாயுவை ஆக்கினார். விஷமற்றதென 1930-இல் அதனை வாயில் இழுத்து மெழுகுவர்த்தியை ஊதியணைத்துக் காட்டினார். அவ்வகை வாயுக்கள் மேல்வானத்து ஓஸோன் படலத்தை அழிக்குமென்று 1974-இல் ரோலண்டும் மோலினாவும் வெளியிட்டனர். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. ஆனால் பிரியான் வந்தகாலத்துக் குளிர்ப்பெட்டிகளில் நச்சு வாயுக்களே இருந்தன என்பதையும் நடுநிலையாளர் நினைத்தல் வேண்டும்.

1940-இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிக் கால்களைச் செயலறச் செய்தது. படுக்கையினின்று எழுவதற்குக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஒரு பொறியைத் தாமே அமைத்துக்கொண்டார். அமெரிக்க இரசாயன சங்கத்தின் தலைவராயிருந்தபோதே, 1944 நவம்பர் 2-ஆம் நாள், அப்பொறியின் கயிறு கழுத்தை இறுக்க, ஐம்பத்தைந்தாம் வயதிற் காலஞ்சென்றார்.

அவர் விதைத்த ஈயம் அதன்பின்னும் சாலைதோறும் புகையாக வீழ்ந்தது. பூமியின் வயதை அளக்கப் புகுந்த கிளேர் பாட்டர்ஸன், தம் கருவிகளையும் பாறைத் துகள்களையும் எங்கும் பரவிய ஈயம் மாசுபடுத்தக் கண்டு திகைத்தார். 1965-இல் அவ்வுண்மையை வெளியிட்டுப் பெரும் எதிர்ப்புக்கு ஆளானார். குழந்தைகளின் அறிவை ஈயம் மழுக்குமென்பது மேன்மேலும் நிறுவப்பட்டது. சென்னையில் 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுதும் ஈயம் விலக்கப்பட்டது. உலகிற் கடைசியாக அல்ஜீரியாவின் பங்குகளில் 2021 ஜூலையில் அது தீர்ந்தது. சிறு விமானங்கள் சிலவற்றின் பெட்ரோலில் மட்டும் இன்னும் கலக்கப்படுகின்றது.