கோதாவிலிருந்து ராஜ்யசபா வரை: தாரா சிங்

பஞ்சாப் இரண்டாகப் பிளக்கப்பட்ட 1947 ஆம் ஆண்டிலேயே, அமிர்தசரஸ் மாவட்டத்தின் தர்முசக் கிராமத்து இளைஞர் ஒருவர் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போனார். ஆலை ஒன்றில் கூலி வேலை. மல்யுத்தத்தை முறையாகப் பழகியதும் அங்கேதான். 1928 இல் பிறந்த தாரா சிங்கிடம் அப்போதிருந்த ஒரே முதல் அவருடைய உடம்பு.

மலாயாவில் பட்டம் வென்று ஊர் திரும்பியவர் 1954 இல் இந்தியச் சாம்பியன் ஆனார். ஏறத்தாழ 200 கிலோ எடை கொண்ட கிங் கொங்கையும் வீழ்த்தினார். 1968 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸையும் வென்றார்.

அதற்கு முன்பே சினிமா அவரை இழுத்துக்கொண்டது. 1962 இல் கதாநாயகனாக நடித்த படத்தின் பெயரும் ‘கிங் கொங்’ தான்! மும்தாஜ் முன்னணிக்கு வந்ததும் இவருடன் சேர்ந்து நடித்த படங்களால்தான். பெரிய நடிகர் என்று சொல்லமுடியாது. ஆனால் சனம் அவரை நம்பியது.

ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரில் அனுமனாக வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. தொடர் ஓடியது 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை. திரையில் அவர் இலங்கைக்குத் தாவிய அந்தக் காலத்தில்தான் இந்தியப் படை நிஜமாகவே இங்கு வந்திறங்கியது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் என்னவானது என்பதை நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நடிகருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் அந்த அனுமனை நம்மில் பலரால் மற்றவர்களைப் போல் பார்க்க முடிந்ததில்லை.

2003 இல் வாஜ்பாய் ஆட்சியில் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டு 2009 வரை இருந்தார். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் தன் வீட்டில் காலமானார்.